வெயிட் இஷ்யூ டன்

2024 ஆனி மாதம், ஒரு சனிக்கிழமைக் காலமை. பூநகரியில் நாங்கள் வாடகைக்கு எடுத்து வைத்திருக்கிற ஒற்றை அறைக்கு முன்னால் ஒரு அக்கா வந்து நின்றா. ஒரு கையில் தினக் கலண்டரில் கிழித்த தாள்கள், றப்பர் பாண்டால் கட்டின ஒரு கட்டு. மற்றக் கையில் கடற்றொழிலாளர் சங்கம் கிழமைக்கு ஒருக்கால் குடுக்கிற துண்டுகள் மூன்று.

"தம்பியவை, என்ர நண்டு எங்கை போகுது?"

எங்களுக்கு விளங்கேல்லை. இருக்கச் சொல்லித் தண்ணி குடுத்துவிட்டுக் கேட்டோம். அவ கலண்டர்த் தாள்களை மேசையில் ஒவ்வொன்றாகப் பரப்பினா. ஒவ்வொரு தாளின் பின்பக்கத்திலும் பேனையால் எழுதியிருந்தது: எத்தனை மணிக்கு நிறுத்தது, தராசில் என்ன காட்டினது, எத்தனை பெட்டி. கடைசிக் கிழமை ஐந்து நாளும் கூட்டினால் 31.4 கிலோ. சங்கத்தின் துண்டில் 23.9 கிலோ.

"முதல் கிழமை நான்தான் பிழையாக் கூட்டிப் போட்டன் எண்டு நினைச்சன். ரெண்டாம் கிழமை மகளைக் கொண்டு கூட்டுவிச்சன். இது மூண்டாம் கிழமை. இப்ப சொல்லுங்கோ."

7.5 கிலோ குறைவு. ஐந்து நாளால் பிரித்தால் ஒரு நாளைக்குச் சரியாக ஒன்றரைக் கிலோ. அந்த 'சரியாக' என்கிறதிலேயே எங்களுக்கு வயிறு கலங்கிவிட்டது. ஒவ்வொரு நாளும் ஒரே அளவு குறைகிறதென்றால் அது தராசின் பிழையில்லை, கிளாக்கரின் கைப்பிழையும் இல்லை. அது நிரலின் பிழை. அந்த நிரலை எழுதினது நாங்கள்.

இந்தக் கட்டுரை அந்த ஒன்றரைக் கிலோவைப் பற்றினது. அதோடு, வேலை செய்யும்போது நாங்கள் எழுதி வைத்த, எழுதி வைக்காமல் விட்ட குறிப்புகளைப் பற்றினது.

நடந்தது இதுதான்

சங்கத்துக்காக நாங்கள் செய்து குடுத்தது சின்ன வேலைதான். கரையில் நண்டு நிறுக்கிற கொட்டிலில் கிளாக்கர் போனில் தராசு காட்டுகிற எடையைப் பதிவார். நிரல் பெட்டியின் எடையைக் கழித்து, மிச்சத்தை அங்கத்தவரின் கணக்கில் சேர்க்கும். கிழமை முடியத் துண்டு அடித்துக் குடுக்கும். பெட்டிக்கு 1.5 கிலோ கழிவு.

தொடங்கும்போது நாங்கள் நாலு பேர். 2024 மாசியில் ஒருத்தன் வெளிநாடு போய்விட்டான். மிச்சம் மூன்று பேர். வைகாசி கடைசியில், கொஞ்சம் ஓய்வாக இருந்த ஒரு நாள், பழைய நிரலைத் துப்புரவாக்குவோம் என்று இருந்தோம். அப்போது ஒரு வரி கண்ணில் பட்டது. இறங்குதுறை இலக்கம் 2 என்றால் பெட்டிக் கழிவைக் கழிக்காதே என்று அந்த வரி சொன்னது. மற்ற எல்லாத் துறைக்கும் கழிக்கிறது, இரண்டுக்கு மட்டும் இல்லை. பக்கத்தில் ஒரு விளக்கமும் இல்லை. சோதித்துப் பார்க்கப் போட்டுவிட்டு எடுக்க மறந்த வரி என்று நினைத்தோம். எடுத்துவிட்டோம். கொமிட் செய்யும்போது 'கிளீன் அப்' என்று எழுதினோம். அந்த நேரம் எங்களுக்கு ஒரு சின்னத் திருப்தியும் இருந்தது, வீடு கூட்டின மாதிரி.

அக்கா நண்டு நிறுக்கிறது இரண்டாம் துறையில்.

கிட்டில் பின்னுக்குப் போய்ப் பார்க்க, நாங்கள் எடுத்த வரி அரை மணித்தியாலத்துக்குள் பிடிபட்டது. திருப்பிப் போடுவதற்கு ஒரு நிமிசம் காணும். ஆனால் போடப் பயமாக இருந்தது. அந்த வரி ஏன் அங்கே இருந்தது? அது சரியான வரியா? முதலே அதுதான் பிழையாக இருந்து, நாங்கள் எடுத்த பிறகுதான் கணக்குச் சரியாகியிருந்தால்? அப்படியென்றால் இத்தனை நாளும் சங்கத்தின் காசு கூடுதலாகப் போயிருக்கும். ஒன்றரைக் கிலோ அக்காவுடையதா சங்கத்துடையதா என்று அந்த வரியைப் பார்த்துச் சொல்ல ஏலாது. கலண்டர்த் தாளை மட்டும் பார்த்தும் சொல்ல ஏலாது, ஏனென்றால் தராசு காட்டினது பெட்டியோடு சேர்ந்த எடையாகவும் இருக்கலாம்.

வரியைச் சேர்த்தவன் வெளிநாட்டிலிருக்கிற எங்கட நண்பன். அவன் எழுதின கொமிட் செய்தி: 'வெயிட் ஃபிக்ஸ்'. எங்களுக்கென்று ஒரு கூகுள் ஷீட் இருந்தது, ஒவ்வொரு நாளும் என்ன செய்தோம் என்று ஆளாளுக்கு நிரப்புகிறது. ஓடிப்போய் அதைத் திறந்தோம். அந்தத் திகதிக்கு நேரே அவன் எழுதியிருந்தது மூன்று சொல்:

வெயிட் இஷ்யூ டன்.

அவனுக்கு வட்ஸப் போட்டோம். அங்கே அவனுக்கு நைட் ஷிஃப்ட். கிளாக்கர் அண்ணை முல்லைத்தீவுக்கு ஒரு செத்தவீட்டுக்குப் போயிருந்தார். இரண்டு இரவு நாங்கள் நிரலை மேலும் கீழுமாக வாசித்தோம். நிரல் என்ன செய்கிறது என்பது எங்களுக்கு வரிக்கு வரி தெரியும். ஏன் அப்படிச் செய்கிறது என்பதுதான் எந்த வரியிலும் இல்லை.

திங்கட்கிழமை கிளாக்கர் அண்ணை வந்தார். விசயத்தைச் சொன்னோம். மனுசன் ஒன்றும் பேசாமல் மேசை லாச்சியைத் திறந்து ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்தார். நாலைந்து பக்கம் பின்னுக்குத் தட்டினார். இவ்வளவுதான் எழுதியிருந்தது:

"14ஆந் திகதி. இன்று தொடக்கம் 2ஆம் துறையில் புதுத் தராசு. வெறும் பெட்டியை வைத்துச் சைபர் ஆக்கிய பின்னர்தான் நண்டு போடுவது. ஆனபடியால் பெட்டி கழிக்கத் தேவையில்லை. கொம்பியூட்டர் தம்பியவைக்குச் சொல்லியாச்சு."

பத்து நிமிசம்கூட இல்லை. எங்கட இரண்டு இரவுக்கும் விடை அந்தக் கொப்பியில் கிடந்தது. புதுத் தராசு பெட்டியைத் தானே கழித்துவிடுகிறது. எங்கட நிரல் இன்னொரு தரம் கழித்திருக்கிறது. 19 நாள், 11 அங்கத்தவர்.

ஒரு நல்ல காலம், தராசு காட்டின எடையை மாற்றாமல் அப்படியே டேட்டாபேஸில் வைத்திருந்தோம். அதனால் எல்லாவற்றையும் திருப்பிக் கணக்குப் பார்க்க முடிந்தது. காசும் சங்கத்தின் கணக்கில்தான் நின்றது. 11 பேரில் 10 பேருக்குக் குறையைத் தீர்த்துக் குடுத்தோம், ஆளாளுக்குப் போய் நின்று மன்னிப்பும் கேட்டோம். பதினோராம் ஆள் ஒரு வயது போன ஐயா. அவர் இரண்டாம் கிழமையே 'உங்கட கணக்கும் நீங்களும்' என்று சொல்லிவிட்டு வெளியாளுக்கு நண்டு குடுக்கத் தொடங்கிவிட்டார். அவரின் காசையும் கொண்டுபோய்க் குடுத்தோம், வாங்கினார். ஆனால் சங்கத்துக்குத் திரும்பி வரேல்லை. இன்றைக்கும் வரேல்லை.

நாங்கள் யாருக்கு எழுதினோம்?

நண்பன் பிறகு கதைத்தான். "நான் உங்களுக்குச் சொன்னனான் தானே. சங்குப்பிட்டிப் பாலத்தடியிலை தேத்தண்ணி குடிக்கேக்க சொன்னனான்." சொல்லியிருப்பான். அதை நாங்கள் மறுக்கேல்லை. அந்தப் பாலத்தடியில் நாங்கள் எத்தனையோ விசயம் கதைத்திருக்கிறோம், ஒன்றும் இப்போது ஞாபகம் இல்லை.

பிழையை அவனில் போட எங்களுக்கு மனம் வரேல்லை. ஏனென்றால் அந்த ஷீட்டில் நாங்கள் எல்லாரும் அப்படித்தான் எழுதியிருந்தோம். 'லொகின் பேஜ் முடிஞ்சுது.' 'ரிப்போர்ட் 80 வீதம்.' 'பக் ரெண்டு ஃபிக்ஸ்.' மாதக் கணக்காக இப்படியே. வாசித்துப் பார்த்தால் எல்லா நாளும் வேலை நடந்திருக்கிறது, ஆனால் ஒரு நாளில்கூட என்ன நடந்தது என்று தெரியேல்லை.

இந்தப் பழக்கம் எங்கே இருந்து வந்தது என்று யோசித்தோம். நாங்கள் முதன்முதல் வேலை பழகினது வெளியாட்களுக்கு ஒன்லைனில் வேலை செய்து குடுத்து. அங்கே ஒவ்வொரு நாளும் முன்னேற்ற அறிக்கை கேட்பார்கள். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்யப் போகிறாய், எது தடையாக இருக்கிறது. இந்த மூன்று கேள்வியும் ஸ்க்ரம் முறையில் வேலை செய்கிற ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்தது. கேள்விகளில் பிழையில்லை. ஆனால் பதிலை நாங்கள் எழுதினது 'இவன் சும்மா இருக்கேல்லை' என்று காட்டத்தான். அப்படி எழுதும்போது மனம் தானாகவே நல்லதை மட்டும் எழுதும். சரிவராததை எழுதாது. தெரியாததை எழுதவே எழுதாது. 80 வீதம் என்று போட்டால் ஒருவரும் மேலே கேள்வி கேட்கமாட்டார்கள். மிச்ச 20 வீதத்துக்குத்தான் முதல் 80ஐவிடக் கூடுதல் நாள் எடுக்கும் என்பது வேலை செய்கிறவனுக்கு மட்டும் தெரியும்.

இதில் எங்களுக்கு வெட்கமான ஒரு விசயமும் இருக்கிறது. நாங்கள் ஒரு காலத்தில் நல்ல குறிப்பு எழுதினவர்கள்தான். 2022 பங்குனி கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் மின்வெட்டு இருந்தது, ஞாபகம் இருக்கும். கரண்ட் நிற்க லப்டொப் கொஞ்ச நேரம்தான் தாக்குப்பிடிக்கும். சிக்னலும் படுத்துவிடும். அடுத்த தரம் எப்போது உட்காருவோம் என்று தெரியாது. அதனால் பற்றரி 10 வீதத்துக்கு வந்தவுடன் வேலையை நிறுத்திவிட்டு ஒரு கொப்பியில் எழுதுவோம்: எந்த ஃபைலில் நிற்கிறோம், எதைச் செய்து பார்த்துச் சரிவரேல்லை, கரண்ட் வந்தவுடன் முதல் எதைத் தொடவேணும். இரவு ஒரு மணிக்குக் கரண்ட் வந்தால், நித்திரைத் தூக்கத்தில் எழும்பி அந்தக் கொப்பியைப் பார்த்தால் காணும், வேலை ஓடும். ஒராள் நித்திரையென்றால் மற்றாள் அதைப் பார்த்துத் தொடருவார்.

அந்தக் கொப்பி ஒருவருக்கும் காட்டுகிறதுக்கில்லை. இருட்டில் எழும்பி வரப்போகிற எங்களுக்கு நாங்கள் எழுதின கடிதம் அது. பிறகு கரண்ட் ஒழுங்காக வரத் தொடங்கினது. கொப்பி போய்விட்டது. ஷீட் மட்டும் மிஞ்சினது.

அந்துப்பூச்சியும் பிழைப் பட்டியலும்

கணினி வேலையில் குறிப்பு எழுதுகிறது கணினி அளவுக்குப் பழசு. 1947 செப்டெம்பர் 9ஆம் திகதி அமெரிக்காவின் ஹார்வர்டில் மார்க் 2 என்ற கணினி பிழைத்தது. பெரிய அறை அளவு இயந்திரம், உள்ளே ஆயிரக்கணக்கில் ரிலே. கிரேஸ் ஹொப்பர் இருந்த குழு அது. திறந்து பார்க்க ஒரு ரிலேக்குள் அந்துப்பூச்சி செத்துக் கிடந்தது. அதை எடுத்து, வேலைக் கொப்பியிலேயே ரேப் போட்டு ஒட்டினார்கள். இந்தக் கதையை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள், 'பக்' என்ற சொல் இதிலிருந்துதான் வந்தது என்று சேர்த்துச் சொல்லுவார்கள். அது சரியில்லை, அந்தச் சொல்லை எடிசன் காலத்திலேயே பொறியியல் ஆட்கள் பாவித்தார்கள். எங்களுக்குப் பூச்சியைவிடப் பெரிசாகத் தெரிவது பூச்சி ஒட்டியிருக்கிற பக்கம். நேரம் எழுதியிருக்கிறது, பிற்பகல் 3.45. எந்தப் பலகத்தில் எந்த ரிலே என்று எழுதியிருக்கிறது, எஃப் பலகம், 70ஆம் ரிலே. சாட்சியும் ஒட்டியிருக்கிறது. அவர்களும் 'ரிலே இஷ்யூ டன்' என்று எழுதியிருக்கலாம். எழுதேல்லை. அந்தக் கொப்பி இன்றைக்கு வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இன்னொராள் டொனால்ட் கனூத். கணிதப் புத்தகங்களை அச்சுக்கு ஒழுங்குபடுத்த 'டெக்' என்ற மென்பொருளை எழுதினவர். 1978 இலிருந்து அதில் தான் கண்டுபிடித்துத் திருத்தின பிழைகளையும் செய்த மாற்றங்களையும் ஒவ்வொன்றாக எழுதி வைத்தார். 1989இல் அந்தப் பட்டியலை ஒரு கட்டுரையோடு சேர்த்து வெளியிட்டார். 800க்கு மேற்பட்ட பதிவுகள். அவற்றை 15 வகையாகப் பிரித்திருந்தார். அதில் ஒரு வகை, செய்ய நினைத்து மறந்து விட்டவை. உலகத்தில் பெரிய கணினி அறிஞர்களில் ஒருவர் தன்ர மறதிக்கு ஒரு தனி எழுத்துக் குடுத்து எண்ணி வைத்திருக்கிறார். நாங்களோ 'டன்' என்று எழுதினோம்.

இந்த இரண்டையும் கிளாக்கர் அண்ணையின் சீ.ஆர். கொப்பியோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அண்ணை ஹொப்பரைக் கேள்விப்பட்டிருக்கமாட்டார். ஆனால் அவரின் ஐந்து வசனத்திலும் எல்லாம் இருக்கிறது. எப்போது: 14ஆந் திகதி. எங்கே: 2ஆம் துறை. என்ன மாறினது: தராசு. அதனால் என்ன: கழிக்கத் தேவையில்லை. யாருக்குத் தெரியும்: கொம்பியூட்டர் தம்பியவைக்கு. நாங்கள் பல்கலைக்கழகத்திலும் யூடியூப்பிலும் படிக்காததை அந்த மனுசன் முப்பது வருசமாகச் செய்துகொண்டிருக்கிறார்.

இப்போது நாங்கள் எழுதுகிற விதம்

கூகுள் ஷீட்டை மூடிவிட்டோம். நிரல் இருக்கிற அதே இடத்தில், அதே கிட்டுக்குள், 'குறிப்பு' என்று ஒரு சாதாரண எழுத்து ஃபைல். நிரல் எங்கே போகுதோ குறிப்பும் அங்கே போகும். இன்ரநெட் இல்லாமலும் திறக்கலாம். வேலையை விட்டு எழும்ப முதல் பத்து நிமிசம். ஐந்து கேள்வி:

இன்றைக்கு எது மாறினது, ஏன்?
எதைச் செய்து பார்த்துச் சரிவரேல்லை?
இது எங்களுக்கு எப்படித் தெரியும், யார் சொன்னது?
எது இன்னும் சந்தேகம்?
நாளைக்கு வருகிற ஆள் முதல் எதைத் தொடவேணும்?

உதாரணத்துக்கு, பிறகு ஒரு நாள் எழுதின குறிப்பு ஒன்றை அப்படியே தருகிறோம்:

"1ஆம் துறையில் ஒரே நிறுவை ரெண்டு தரம் பதியுது எண்டு கிளாக்கர் அண்ணை சொன்னவர், துண்டும் காட்டினவர். காரணம்: சிக்னல் விட்டுவிட்டு வாற இடம். போன் அனுப்பும், சேர்வருக்குப் போய்ச் சேரும், ஆனா 'கிடைச்சுது' எண்ட பதில் போனுக்கு வராது. போன் திருப்பி அனுப்பும். ஒரே நிமிசத்திலை ஒரே எடை வந்தால் ரெண்டாவதைத் தள்ளிப் பாத்தம். சரிவரேல்லை, ஏனெண்டால் ஒராளே அடுத்தடுத்து ரெண்டு பெட்டி ஒரே எடையிலை போடுறார், உண்மையான நிறுவையும் தள்ளுப்பட்டுது. இப்ப ஒவ்வொரு நிறுவைக்கும் போனிலேயே ஒரு தனி இலக்கம் குடுக்கிறம், அதே இலக்கம் திருப்பி வந்தால் சேர்வர் ஏற்காது. சந்தேகம்: பழைய அப் இருக்கிற போனிலை இலக்கம் வராது, அதுக்கு என்ன செய்யிறது? நாளைக்கு முதல்: ஃப்ளைட் மோட் போட்டு மூண்டு நிறுவை பதிஞ்சு, பிறகு சிக்னலை விட்டுப் பாக்கவும்."

இதில் எங்களுக்கு ஆகப் பெரிய லாபம் 'சரிவரேல்லை' என்கிற பகுதி. முடிந்த நிரலில் கடைசியாகச் சரிவந்த வழி மட்டும்தான் இருக்கும். சரிவராத வழி நிரலில் இருக்காது. எழுதி வைக்காவிட்டால் ஆறு மாதத்தால் இன்னொராள் வந்து, 'ஏன் சிம்பிளா ஒரே நிமிசம் ஒரே எடையைத் தள்ளேலாது?' என்று அதே குழிக்குள் விழுவார். அந்த இன்னொராள் நாங்களாகவும் இருக்கலாம்.

ஒரு சந்தேகம் வரும்: கிட்டில் எல்லாம் இருக்குத்தானே, பிறகு ஏன் குறிப்பு? லினக்ஸுக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் கிட்டை எழுதத் தொடங்கினார். யார், எப்போது, எந்த வரியை மாற்றினது என்பதை அது மறக்காது. ஏன் மாற்றினது என்பதை நாங்கள் கொமிட் செய்தியில் எழுதினால்தான் அதுக்குத் தெரியும். நாங்கள் இப்போது மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறோம். ஒரு வரி விசித்திரமாகத் தெரிந்தால் அதுக்கான காரணம் அந்த வரிக்குப் பக்கத்திலேயே. ஒரு மாற்றம் ஏன் என்பது கொமிட் செய்தியில். வேலை எங்கே நிற்கிறது, எது சந்தேகம், யாரின் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது குறிப்பில். இரண்டாம் துறை வரிக்குப் பக்கத்தில் இப்போது கிளாக்கர் அண்ணையின் கொப்பியில் இருந்தது அப்படியே இருக்கிறது, திகதியோடு. அந்தத் துறை என்றால் கழிவு விழுகிறதா என்று பார்க்கிற ஒரு சோதனை நிரலும் எழுதிவிட்டோம். இனி ஒருவர் துப்புரவாக்க வந்தால் அது சத்தம் போடும்.

எழுதக் கூடாததும் இருக்கிறது. கடவுச்சொல், அங்கத்தவரின் அடையாள அட்டை இலக்கம், போன் நம்பர், யாருக்கு எவ்வளவு கடன், இவை ஒன்றும் குறிப்பில் வரக் கூடாது. கிட்டில் ஒருக்கால் போன சாமானை முழுசாக அழிக்கிறது லேசில்லை. அதோடு, யார் எத்தனை மணிக்கு வந்தது, யார் மெதுவாக வேலை செய்கிறது என்பதும் எழுதக் கூடாது. குறிப்பை ஆளைப் பிடிக்கிறதுக்குப் பாவித்தால் அடுத்த நாளே எல்லாரும் '80 வீதம்' என்று எழுதத் தொடங்கிவிடுவார்கள்.

தமிழில் எழுதினபோது

இன்னொரு விசயம் நாங்கள் எதிர்பார்க்கேல்லை. முதல் நாங்கள் ஷீட்டில் எழுதினது முழுக்க ஆங்கிலத்தில். மென்பொருள் வேலை என்றால் அப்படித்தான் என்று நினைத்தோம். எங்கட ஆங்கிலம் நிரல் எழுதக் காணும், பிழைச் செய்தி வாசிக்கக் காணும். ஆனால் 'ஏன்' என்பதை விளங்கப்படுத்துகிற அளவுக்கு ஓடாது. வசனம் பிழைத்துவிடுமோ என்ற வெட்கமும் சேர்ந்துகொள்ளும். அதனால் ஆகச் சின்னச் சொல்லோடு நிறுத்திவிடுவோம். ஃபிக்ஸ். டன். கிளீன் அப். எங்கட சோம்பல் பாதி, ஆங்கிலப் பயம் பாதி.

ஃபைலைத் தமிழில், கதைக்கிற தமிழில் எழுதத் தொடங்கினவுடன் குறிப்பு தானாக நீண்டது. சந்தேகங்கள் வெளியே வந்தன. 'இது எனக்கே முழுசா விளங்கேல்லை, ஆனா வேலை செய்யுது' என்று எங்களில் ஒராள் ஒரு நாள் எழுதினா. ஆங்கிலத்தில் அவ அதை எழுதியிருக்கமாட்டா. அடுத்த நாள் மூன்று பேரும் இருந்து அதை விளங்கிக்கொண்டோம், உள்ளே ஒரு பிழையும் இருந்தது. வெளிநாட்டு ஆட்களோடு செய்கிற வேலைக்கு ஆங்கிலத்தில் எழுதத்தான் வேணும், அது வேறு. எங்களுக்குள் ஓடுகிற வேலைக்கு யோசிக்கிற மொழியில் எழுதினால்தான் யோசித்தது தாளில் விழும்.

ஆட்கள் போய்க்கொண்டிருக்கிற இடம்

2004 மார்கழி 26 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் மென்பொருள் தெரிந்த ஆட்கள் தன்னார்வமாகச் சேர்ந்து 'சஹானா' என்றொரு மென்பொருளை எழுதினார்கள். காணாமல் போனவர்களைத் தேட, முகாம்களைப் பதிய, உதவிப் பொருட்களை ஒழுங்குபடுத்த. திறந்த மூல மென்பொருளாக விட்டபடியால் 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும், அதே வருசம் இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா நிலநடுக்கத்திலும் பாவித்தார்கள். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதும் கிடைத்தது. இங்கே அவசரத்தில் எழுதினது, முகம் தெரியாத ஆட்களின் கையில் இன்னொரு நாட்டில் ஓடியிருக்கிறது. அந்த மாதிரி வேலையில் பாலத்தடித் தேத்தண்ணிக்கு இடமில்லை. எழுதினது மட்டும்தான் பயணம் போகும்.

எங்கட வேலை அவ்வளவு பெரிசில்லை. ஆனால் எங்கட இடத்திலும் ஆட்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். கனடா, பிரான்ஸ், கட்டார், கொழும்பு. அறிவியல்நகரில் பொறியியல் பீடம் 2014இல் வந்தது, பிள்ளைகள் படித்து வெளிக்கிடுகிறார்கள், நல்லது. போகிறவரைப் போகாதே என்று சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை, நாளைக்கு நாங்களும் போகலாம். ஆனால் ஒராள் போனவுடன் அவர் தலைக்குள் இருந்த வேலையும் விமானம் ஏறினால், இங்கே ஒன்றும் நிலைக்காது. ஒவ்வொரு தரமும் முதலாம் வரியிலிருந்து தொடங்கவேண்டி வரும்.

எங்கட அம்மாமாருக்கு இது புதுப் பாடமில்லை. 2008இல் இந்த ஊரை விட்டு வெளிக்கிடும்போது சட்டி பானையை விட்டார்கள், கதிரை மேசையை விட்டார்கள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் காணி உறுதியும் வைத்த பையை விடேல்லை. பிறகு ஒவ்வொரு கந்தோரிலும் அந்தத் தாள்கள்தான் அவர்களுக்காகக் கதைத்தன. எழுதி வைத்தது என்ன பெறுமதி என்று அந்த வீடுகளில் வளர்ந்த நாங்கள் தெரிந்திருக்கவேணும்.

போன கிழமை அந்த அக்காவைக் கரையில் கண்டோம். இப்போது துண்டு சரியாக வருகிறதா என்று கேட்டோம். வருகிறதாம். பிறகும் கலண்டர்த் தாளில் எழுதிக்கொண்டுதான் இருக்கிறா. எங்களுக்குக் கொஞ்சம் குத்தினது.

"எங்களை இன்னும் நம்பேல்லையோ அக்கா?"

அவ சிரித்தா. "உங்களை நம்புறன் தம்பி. என்னைத்தான் நம்பேலாது. ஒரு கிழமைக்கு முந்தி என்ன நிறுத்தது எண்டு ஆருக்கு ஞாபகம் இருக்கு?"

அன்றைக்குப் பின்னேரம் எழும்ப முதல் குறிப்பு ஃபைலைத் திறந்தோம். பழைய அப் இருக்கிற போன்களின் பிரச்சினை இன்னும் முடியேல்லை. 'டன்' என்று போட ஆசையாகத்தான் இருந்தது. எழுதினது இப்படி: "ரெண்டு போன் மிச்சம். கிளாக்கர் அண்ணை வெள்ளிக்கிழமை கொண்டு வாறன் எண்டவர். அதுவரைக்கும் அந்த ரெண்டு போனிலையும் வாற கணக்கைக் கையாலை பாக்கவும்."